ஒரு நாளைக்கு ஓர் அதிசயம் போதும்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வீட்டு போனுக்கு ஓய்வு கிடையாது. திருப்பூரிலிருந்து தம்பி, மதுரையிலிருந்து சித்தி மகள், சென்னையிலிருந்து பெரியப்பாவின் கடைசிப் பையன். கேட்பது எல்லாருமே ஒன்றுதான்: "அக்கா, ரெண்டு நாள் லீவு இருக்கு. என்னென்ன பாயிண்ட் பார்க்கலாம்?"

நீலகிரியில் சோலூருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. தேயிலைக்கும் கேரட் தோட்டத்துக்கும் நடுவில் வீடு. வந்து தங்கிப் போன உறவுக்காரர்களை எண்ணினால் ஒரு கல்யாணப் பந்தி தேறும். பதினான்கு இடம் எழுதிக்கொண்டு வந்தவர்கள் பதினான்கையும் அரைகுறையாகப் பார்த்துக் களைத்துப்போய் இறங்கினார்கள். ஒரே ஒரு காட்சிக்காக, அதற்குரிய பருவத்தில் வந்து, விடியுமுன் எழுந்து போனவர்கள் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சுற்றியதில் நான் சேர்த்துவைத்த குறிப்புகள் இவை. சில சமையலறைக்கு, சில உயிருக்கு.

1. தேதியைக் குறிக்குமுன் எதைப் பார்க்க ஆசை என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். உறைபனியா, பெருக்கெடுத்த அருவியா, காட்டு யானையா, மலை விளிம்பிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கா, மலை ரயிலா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் இருக்கிறது. பள்ளி லீவு மே மாதம் என்பதற்காக உறைபனி மே மாதம் வந்துவிடாது. ஆசை முடிவானால் மாதம் தானாக முடிவாகும். மாதம் முடிவானால் பாதி வேலை முடிந்தது.

2. நீலகிரிக்கு இரண்டு மழை. இதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றமே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத்தான் அடிக்கும்: அவலாஞ்சி, மேல் பவானி, பைக்காரா, கூடலூர், பந்தலூர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கிழக்கே கோத்தகிரி, கோடநாடு பக்கம் மழை குறைவு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும். 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் ஆடியில் வருகிறவர் கிழக்கே பாருங்கள், ஐப்பசியில் வருகிறவர் மேற்கே பாருங்கள். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்த நாளில் எந்தப் பக்கமும் வேண்டாம். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

என்னைக் கேட்டால், செப்டம்பர் கடைசி வாரம் அருவிக்கு, ஜனவரி பனிக்கு. மே மாதத்தில் வருவதென்றால் பெரிய காட்சிகளை எதிர்பார்க்காமல், குளிர்ச்சிக்காக மட்டும் வாருங்கள்.

3. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய காட்சி. அதை விடிகாலையில் வையுங்கள். மலையில் காலை பத்து மணிவரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்; வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு கிளம்பி மதியத்துக்குள் விளிம்பை மூடிவிடும். தொட்டபெட்டாவில் (2,637 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயர்ந்த இடங்களில் ஒன்று) மதியம் மூன்று மணிக்கு ஏறி வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த உறவுக்காரர்கள் எனக்கு நிறையப் பேர். மதியத்துக்கு மேல் தோட்டத்தில் நடக்கலாம், டீ குடிக்கலாம், தூங்கலாம். அதுவும் விடுமுறைதான்.

4. இ-பாஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி மாவட்ட வாகனங்கள் இ-பாஸோடுதான் வர முடியும். 2025 ஏப்ரலிலிருந்து கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. வார நடுவில் வந்தால் பாஸும் எளிது, சாலையும் எளிது. அரசுப் பேருந்தில் வந்தால் பாஸே தேவையில்லை.

5. மே மாத சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை செய்துவிடுவார்கள். இதைத் தெரிந்து திட்டமிட்டால் கோத்தகிரி, கோடநாட்டைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வந்த வழியே திரும்ப முடியவில்லையே என்று சோதனைச் சாவடியில் வாதாட வேண்டியிருக்காது.

6. கல்லட்டி மலைப்பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிகக் கடுமை. பழக்கமில்லாத ஓட்டுநர்கள் தொடர்ந்து விபத்துக்குள்ளானதால் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்க அனுமதிப்பதில்லை. மசினகுடியிலிருந்து ஏறி வரலாம். வரைபடச் செயலி அதைத்தான் குறுக்குவழி என்று காட்டும். நம்பாதீர்கள். முதுமலைக்குக் கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். தூரம் கூடுதல்தான், வழியில் ஊசிமலைக் காட்சி முனை இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன், தடை வருவதற்கு முந்திய காலம், எங்கள் சொந்தக்காரர் வேன் ஒன்று அந்த வழியாக இறங்கியது. பாதி வளைவு தாண்டுமுன் சக்கரத்திலிருந்து புகை. பிரேக் மிதித்தால் பிடிக்கவில்லை. ஓட்டுநர் சமயோசிதமாக உள்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் வேனிலிருந்து இறங்கிய குழந்தைகள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த குறிப்பை அதற்காகவே எழுதுகிறேன்.

7. மலை இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரை நம்புங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தான வளைவில் முதலாவது. நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். தீய்ந்த வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. ஊட்டியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

8. வயிற்றுப் புரட்டலுக்கு: கிளம்புமுன் வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். உப்பில் ஊறிய இஞ்சித் துண்டு, காய்ந்த நெல்லிக்காய், எலுமிச்சை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். குழந்தைகளை முன்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். போனைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு ஏறும்போது பால் கொடுத்தால் காது அடைப்பு விலகும். பெரியவர்களுக்கு ஒரு மிட்டாய்.

9. துணி விஷயத்தில் ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டிருப்பவருக்கு மேலே வரும்போது பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஈரமான ஜீன்ஸ் இங்கே மூன்று நாளானாலும் காயாது. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து இரவு முழுக்க விட்டால் காலையில் போட்டுக்கொள்ளும் பதத்துக்கு வரும்.

10. சமையலறை உள்ள காட்டேஜ் எடுப்பவர்களுக்கு: இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு, பருப்பு வேக நேரம் எடுக்கும். சின்ன குக்கர் ஒன்று கொண்டுவாருங்கள். இட்லி மாவு வெளியே வைத்தால் புளிக்காது; அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடிவிடுங்கள். தேங்காயெண்ணெய் கல்லாக உறையும், பாட்டிலைக் குளிக்கும் வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தினால் இளகும்.

11. உறைபனி பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இப்படி ஒரு காட்சி இருப்பது பலருக்குத் தெரியாது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, முந்தின நாள் இரவு வானம் மேகமில்லாமல், காற்று அசையாமல் இருந்தால், மறுநாள் விடியலில் புல்வெளி முழுக்க உப்பு தூவியதுபோல் கிடக்கும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பனியைத் தேடி மேட்டுக்குப் போகக் கூடாது, தாழ்ந்த இடத்துக்கு வர வேண்டும். தலைகுந்தா, காந்தல், பைக்காரா ஓரப் புல்வெளிகள், ஊட்டியின் பழைய குதிரைப்பந்தய மைதானம். நேரம் ஆறரை மணி. எட்டு மணி வெயில் பட்டால் கரைந்துவிடும்.

இருட்டில் ஓரமாக வண்டி நிறுத்தும்போது விளக்கை எரிய விடுங்கள். கைக்கு உறை, காதுக்கு மஃப்ளர் கட்டாயம். இன்னொரு வேண்டுகோள்: பனி படிந்த தேயிலைத் தோட்டத்துக்குள் படம் எடுக்க இறங்காதீர்கள். உறைபனி பட்ட தேயிலை கருகிவிடும். இளஞ்செடிகளைப் பெரணி இலையால் மூடி வைத்திருப்போம். அதை மிதித்தால் செடி போய்விடும். உங்களுக்கு அதிசயமான அந்தக் காலை, தோட்டக்காரருக்குக் கவலையான காலை.

12. எங்கள் ஊர்ப் பக்கத்து அதிசயம் கிளன்மார்கன். சோலூரைத் தாண்டித் தேயிலைக்குள் போகும் சாலை திடீரென்று முடிந்து, பூமியும் அங்கேயே முடிகிற மாதிரி இருக்கும். நீலகிரி மலையின் வடக்கு விளிம்பு அது. ஒரே செங்குத்தாக ஏறக்குறைய மூவாயிரம் அடி கீழே சீகூர் சமவெளி, சிங்காரா, முதுமலைக் காடு, அதற்கப்பால் மைசூர்ப் பீடபூமி. எங்கள் மேட்டுநிலத்தில் ஓடும் பைக்காரா ஆறுதான் கீழே இறங்கி மோயாறு என்று பெயர் மாறி, பெரிய பிளவுக்குள் ஓடிப் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அந்த உயர வித்தியாசத்தைப் பயன்படுத்தித்தான் 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மில்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் கோவை கண்ட மின்சாரம் இந்த விளிம்பிலிருந்து விழுந்த தண்ணீர். தம்பிக்கு இதைச் சொன்னதும், "எங்க ஊர் பனியன் கம்பெனிக்கெல்லாம் இங்கிருந்துதானா கரண்டு வந்துச்சு?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழேயே பார்த்திருந்தான்.

சரிவில் ஓடும் வின்ச் வண்டி மின்வாரிய வேலைக்கானது, பயணிகளுக்கு இல்லை. அங்குள்ள அணைப் பகுதிக்குள்ளும் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அனுமதி கிடைக்கும் இடம்வரை போய் நின்றாலே போதும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். சில குளிர்கால நாளில் கீழே முழுக்க மேகம் நிரம்பிக் கடல்போல் கிடக்கும். ஜூலையில் வந்த சித்தி மகள் மூன்று நாளும் போய் மூன்று நாளும் மஞ்சை மட்டும் பார்த்தாள். நான் சொன்ன மாதத்தில் மறுபடி வந்தபோதுதான் அவளுக்கு அந்த விளிம்பு தெரிந்தது.

13. மூடுபனியில் ஓட்ட: ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போடுங்கள், ஹாரன் அடித்து வளைவில் திரும்புங்கள், பின்விளக்கு எரிகிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். உள் கண்ணாடி ஆவி படியாமலிருக்க, காய்ந்த குளியல் சோப்பை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். அரை நாள் தாங்கும்.

14. காட்டுக்குள் நடக்க விரும்பினால் அரசு வழியாக மட்டும் போங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். பலரும் இளம்பெண்கள். மலைமேல் ஆசை வைத்ததைத் தவிர அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. காய்ந்த புல்லில் தீ ஒரு மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேட்டை நோக்கி ஏறும். இது ஏறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அழைத்துப் போகிறவருக்கு நிச்சயம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். மலைவாழ் மக்களில் பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். நீலகிரியில் முதல் தடவை வருகிற குடும்பத்துக்கு ஊட்டியை ஒட்டிய கெய்ர்ன் ஹில் அல்லது கோத்தகிரி லாங்வுட் சோலை நல்லது. நடந்து பழகியவர்கள் கரிக்கையூர் பொறிவரைப் பாறை ஓவியங்களுக்குப் போகலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். "எனக்கு ஆள் தெரியும், உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

15. மழைக்காலச் சோலைக்குள் அட்டை இருக்கும். கால்சட்டை முனையைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ்மேல் உப்பும் எண்ணெயும் குழைத்துத் தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்துங்கள்.

16. வரையாடு நம் மாநில விலங்கு. முக்குருத்தி தேசியப் பூங்காவின் (78.46 சதுர கிலோமீட்டர்) புல்முகடுகள் அதன் வீடு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,303 ஆடுகள்தான். ஓர் ஊர்த் தேர்க்கூட்டத்தைவிடக் குறைவு. பார்ப்பதற்குப் பைனாகுலர் வாங்கிவாருங்கள், இரண்டு குழந்தைக்கு ஒன்று போதும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வனப்பகுதியில் அனுமதி கிடையாது.

17. காட்டு விலங்கு வழியில் வந்தால்: காட்டுமாடு எங்கள் தேயிலைக்குள் தினசரி விருந்தாளி. பசுபோல் நிற்கிறதே என்று பக்கத்தில் போய் நிற்காதீர்கள். மூச்சு சீறினால் பார்வையை விலக்காமல் பின்னால் நகருங்கள். யானை சாலையில் நின்றால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருங்கள்; ஹாரன், ஃபிளாஷ், இறங்கி செல்ஃபி எதுவும் வேண்டாம். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் செல்லும் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். அமைதியாக யானையைப் பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் தெப்பக்காடு முகாமில் காலையும் மாலையும் உணவூட்டும் நேரம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதுவே போதும்.

18. தங்குமிடம் பிடிக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், உரிமம் இருக்கிறதா, எந்த நிலத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய பல விடுதிகள் 2018இல் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்தது. 2021 ஜனவரியில் மசினகுடிப் பக்கம் விடுதி ஒன்றில் எரியும் டயரை வீசி விரட்டியதில் காயப்பட்ட ஓர் ஆண் யானை இறந்துபோனது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "யானை ரூம் வாசலுக்கே வரும்" என்று விளம்பரம் செய்கிற இடத்தில் தங்காதீர்கள். இரவில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறேன் என்று அழைத்தாலும் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

19. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். சமையல் எண்ணெய், வெல்லம், பழம் எதையும் காட்டேஜ் வராந்தாவிலோ காரிலோ இரவில் வைக்காதீர்கள். விளக்கெண்ணெய்க்காகக் கோயிலுக்குள் கரடி புகுந்த கதை எங்கள் பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளில் நிறைய உண்டு. குரங்குக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தால், அடுத்த வண்டிக் குழந்தையின் கையிலிருப்பதை அது பிடுங்கும்.

20. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும், ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலும் நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் வழியிலுள்ள குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். கட்டுச்சோற்றை வாழையிலையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கட்டுங்கள். புளிச்சோறு இந்தக் குளிரில் இரண்டு நாள் கெடாது. ஈரத் துடைப்பான், டயப்பர் எல்லாவற்றுக்கும் ஒரு துணிப்பை ஒதுக்கிக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

21. மலை ரயிலை ஒரு தனி அதிசயமாக எண்ணி ஒரு முழு நாளைக் கொடுங்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதனால் தண்டவாளத்து நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதை, 250 பாலம். முன்பதிவு திறக்கும் நாளின் காலையிலேயே எடுக்க வேண்டும். கிடைக்கவில்லையா, குன்னூர் ஊட்டி இடையிலான டிக்கெட் முயன்று பாருங்கள். ஆனால் பல்சட்டப் பகுதி அதில் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரயில் நிற்பது வழக்கம், மாற்றாகப் பேருந்து நேரத்தையும் குறித்துவையுங்கள்.

22. அருவியில் குளிக்க வேண்டாம். பைக்காராவில் பாறை வழுக்கும், மேலே மழை பெய்தாலும் அணை திறந்தாலும் கீழே நிற்பவருக்குத் தெரியாது. கம்பி வேலி போட்ட இடத்திலிருந்து பாருங்கள். கோத்தகிரியின் கேத்தரின் அருவி தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் முழு உயரமும் தெரியும், பக்கத்தில் போய் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

23. தோடர் குடியிருப்பான மந்துக்கும் படுகர் ஹட்டிக்கும் போனால், அது யாரோ வாழும் வீட்டு வாசல் என்று எண்ணிப் போங்கள். வாசலில் நின்று, "அக்கா, வரலாமா?" என்று கேளுங்கள், வரச் சொன்னால் டீ இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். தோடர் கோயில்களுக்கு அருகே போகவோ படம் எடுக்கவோ கூடாது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் சால்வையை அவர்கள் கையிலேயே வாங்குங்கள். வெள்ளைத் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்பும் கோர்ப்பது, அச்சு அல்ல. அங்கே பேரம் பேச எனக்கு மனம் வராது, நீங்களும் பேசாதீர்கள்.

24. குறிஞ்சிக்கு இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: 2006, 2018, அடுத்தது 2030. ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. 2024 செப்டம்பரில் எங்களுக்கு அடுத்த எப்பநாட்டுப் பக்கம் பிக்கபதி மந்து மலைச்சரிவு நீலமாகியது. கேள்விப்பட்டுக் கூட்டம் சேர்ந்து செடியைப் பறிக்க ஆரம்பித்ததும் வனத்துறை உள்ளே போகத் தடை போட்டது. குறிஞ்சி 2023 முதல் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பறித்தால் 25,000 ரூபாய் அபராதமும் சிறையும்கூட உண்டு. பூத்த செடி விதை விட்டு மடிந்துவிடும். ஒரு கொத்தைப் பறித்தால், பன்னிரண்டு வருஷம் காத்திருந்த விதைகளும் அதோடு போயின.

25. மருந்துப் பெட்டியில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு மாத்திரை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, பேண்டேஜ், வெயிலுக்கு க்ரீம். குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் முகம் கறுத்துவிடும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சீட்டோடு வாருங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது; தங்குமிடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

26. வாங்கிப் போக: ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைக் கடைசி நாள் வாங்கி உடனே ஸ்டீல் டப்பாவில் அடையுங்கள், ஈரக்காற்றில் நமுத்துவிடும். டீத்தூளை மசாலாப் பொருளோடு ஒரே பையில் வைக்காதீர்கள், வாடையை இழுத்துக்கொள்ளும். கேரட்டின் தழையைக் கிள்ளிவிட்டு ஈரமில்லாமல் செய்தித்தாளில் சுற்றினால் வீடு போய்ச் சேர்ந்தும் வாடாது.

27. ஆடி, ஆவணியில் குன்னூர் வழியாக இறங்கினால் பர்லியாறில் நிறுத்துங்கள். வண்டியும் ஆறட்டும். சாலையோரம் மங்குஸ்தான் விற்பார்கள். அழுத்தினால் லேசாக அமுங்கும் பழமாகப் பொறுக்குங்கள், கல்லாக இருந்தால் உள்ளே கெட்டது. உடைக்குமுன் பழத்தின் அடியில் இருக்கும் பூ வடிவத் தழும்பில் எத்தனை இதழ் என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். உள்ளே சரியாக அத்தனை சுளை இருக்கும். தோலின் சாறு துணியில் பட்டால் போகவே போகாது, மடியில் பழைய துண்டு விரித்துக்கொண்டு உரியுங்கள்.